கோல்ஃப் டிரைவரின் நீளம் படுத்தும் பாடு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோல்ஃபில் பந்தைத் தூரமாக அடிக்க எடுக்கும் நீளமான கிளப், அதாவது மட்டை, டிரைவர். அது ஒழுங்காக அடிபடவில்லை என்று, கிளப்புகளைச் சரிசெய்யும் என் மேசைக்கு வருகிறவர்கள் ஷாஃப்டின், அதாவது தண்டின், விறைப்பைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். இல்லையென்றால் தலையையே மாற்றிவிடலாமா என்பார்கள். நீளத்தைப் பற்றி அநேகமாக யாரும் வாய் திறப்பதில்லை. வாங்கியபோது எந்த நீளத்தில் இருந்ததோ அதுதான் தமக்கு உரியது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்று கடையில் நிற்கும் ஆண்களுக்கான டிரைவர் பெரும்பாலும் 45.5 முதல் 45.75 அங்குலம் இருக்கும். மரத்தலையும் ஸ்டீல் ஷாஃப்டுமாக ஆடிய காலத்தில் 43 அங்குலத்தை ஒட்டித்தான் வழக்கம். இடையில் கூடிய அங்குலங்கள் ஆடுகிறவர்கள் உயரமானதால் வந்தவை அல்ல. நீளம் கூடினால் தலையின் வேகம் கூடும், வேகம் கூடினால் விளம்பரத்தில் பெரிய தூரம் போடலாம், அவ்வளவுதான். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் இதையே பிழைப்பாகக் கொண்டவர்களிலேயே பலர் 45 அங்குலமோ அதற்குக் குறைவாகவோதான் ஆடுகிறார்கள். வாரம் ஒருநாள் ஆடுகிறவர் கையில் 45.75 இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும்.

கீழே சொல்லியிருப்பவை வலக்கை ஆட்டக்காரருக்கானவை. இடக்கைக்காரர்கள் திசையை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

## எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள்

நீளத்தை அளந்துவிடுங்கள். பந்தை அடிக்க நிற்கும்போது தலை எப்படித் தரையில் உட்காருமோ அப்படியே டிரைவரை வையுங்கள். நீண்ட அளவுகோல் ஒன்றை ஷாஃப்டின் பின்பக்கம் ஒட்டிச் சாய்த்து, அதன் முனை ஹீல் (தலையில் ஷாஃப்டு சேரும் பக்கம்) அருகே தரையைத் தொடும்படி பிடியுங்கள். கிரிப்பின் (கைப்பிடி உறையின்) மூடி விளிம்பில் என்ன காட்டுகிறதோ அதுதான் நீளம். தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் கிரிப்பை மாற்றியிருக்கலாம், ஷாஃப்டை மாற்றியிருக்கலாம்.

பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று பாருங்கள். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் பெரிய புள்ளி வைத்து, புள்ளி கிளப்பின் முகத்தைப் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தூக்கி நிறுத்தும் சிறு குச்சியில்) வையுங்கள். அடித்ததும் மை முகத்தில் ஒட்டியிருக்கும். பத்துப் பந்து அடியுங்கள். நடுவில் துடைக்காதீர்கள், நன்றாகப் படாத அடியைக் கணக்கிலிருந்து விலக்காதீர்கள். முடிந்ததும் ஒரு 10 ரூபாய் நாணயத்தை முகத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள். எத்தனை புள்ளி அதற்குள் அடங்குகிறது, அடங்காதவை எந்தப் பக்கம் போயிருக்கின்றன என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாவற்றுக்கும் இந்தப் படம்தான் ஆதாரம்.

## அறிகுறி 1: புள்ளிகள் முகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன

என்னிடம் வருவதில் பெரும்பகுதி இதுதான். ஒரு பந்து வலது மரத்துக்கு, அடுத்தது இடது புதருக்கு, மூன்றாவது அற்புதமாக நடு ஃபேர்வேக்கு. மூன்றாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

### முதலில் செலவில்லாதவை

கிரிப்பைத் தொட்டுப் பாருங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் வியர்வையும் உடல் எண்ணெயும் ஏறி ரப்பர் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகிவிடும். கை நழுவும் பயத்தில் இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கினால் ஒவ்வொரு அடியும் ஒரு விதமாகப் போகும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும். தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அதற்குப் பிறகும் வழுக்கினால் கிரிப்பை மாற்றுங்கள். நீளத்தில் கைவைப்பதற்கு முன் இதை முடித்தாக வேண்டும்.

அடுத்தது டீயின் உயரம். தலையின் மேல்விளிம்புக்கு மேலே பந்தில் பாதி தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் குத்தினால் புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறும். அதற்கு ஷாஃப்டைக் குறை சொல்ல முடியாது. டீயில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

### பிறகு நீளத்துக்கான சோதனை

கிரிப்பின் மேல்முனையிலிருந்து சரியாக ஓர் அங்குலம் கீழே மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இடது கை அந்தக் கோட்டுக்கு மேலே போகக் கூடாது. பந்துக்கு அரை அங்குலம் மட்டும் நெருங்கி நின்று, மீண்டும் பத்துப் பந்து. கையில் லேசாகத் தோன்றும், பொருட்படுத்த வேண்டாம். வேகமாக வீசவும் வேண்டாம்.

இப்போது இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

- புள்ளிகள் நடுவுக்குக் கூடிவந்தால்: நீளம்தான் காரணம். அடுத்து டேப்பை அரை அங்குலத்துக்கு ஏற்றிக் கட்டி இன்னும் பத்து அடியுங்கள். அரை அங்குலத்திலேயே கூடிவந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.
- கூடிவந்தன, ஆனால் எல்லாம் டோ (தலையின் வெளிமுனை) பக்கம்: நீங்கள் போதுமான அளவு நெருங்கி நிற்கவில்லை. இன்னும் சற்று நெருங்கி மறுபடியும் சோதியுங்கள்.
- எதுவும் மாறவில்லை: நீளம் காரணம் அல்ல. வெட்டுவது வீண். ஒரு பயிற்சியாளரிடம் அரை மணி நேரம் செலவிடுங்கள்.

கூடிவந்தாலும் உடனே ரம்பத்தைத் தேட வேண்டாம். ஒரு மாதம் டேப் கட்டிய இடத்திலேயே பிடித்து ஆடுங்கள். கீழே இறக்கிப் பிடிப்பதற்குக் காசு கிடையாது, விதியிலும் தடை கிடையாது. வெட்டிய துண்டை யாரும் திரும்ப ஒட்டித் தர மாட்டார்கள். வேறு ஷாஃப்டுதான் வாங்க வேண்டும். பலர் அந்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், டேப் மட்டும் அப்படியே ஒட்டியிருக்கிறது. எனக்கு வருமானம் இல்லாவிட்டாலும் அதுவே நல்ல முடிவு.

### நிபுணரிடம் போக வேண்டிய இடம்

ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்தும் பாதிதான் சரியானது என்றால் ஷாஃப்டின் எடையைச் சந்தேகிக்க வேண்டும். 50 கிராம் ஷாஃப்டு சிலர் கையில் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் பறக்கும், 60 கிராமில் அடங்கும். இதை வீட்டில் ஊகித்துச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று ஷாஃப்டுகளை மாற்றி மாட்டி அளந்து காட்டும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

## அறிகுறி 2: புள்ளிகள் எல்லாம் ஹீல் பக்கம்

சிதறவில்லை, ஒரே இடத்தில்தான் படுகிறது, ஆனால் அந்த இடம் தப்பு. பந்து வலப்பக்கம் வளைந்து வலுவில்லாமல் விழும்.

1. பந்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறீர்களா? அரை அங்குலம் பின்னால் தள்ளி நின்று பாருங்கள். பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும்.
2. அடிக்கும்போது உடலின் பாரம் கால்விரலுக்குப் போகிறதா? பக்கவாட்டிலிருந்து ஒரு காணொளி எடுத்தால் தெரியும். குதிகால் தரையை விட்டு எழும்பினால் கிளப் வெளியே தள்ளப்படும். நீளமான டிரைவர் இந்தப் பழக்கத்தை வளர்த்துவிடும்.
3. மேலே சொன்ன டேப் சோதனை. இறக்கிப் பிடித்ததும் புள்ளி நடுவுக்கு நகர்ந்தால் நீளத்தைக் குறைக்கலாம்.

மூன்றும் பலிக்கவில்லை என்றால் பிரச்சினை வீச்சின் பாதையில் இருக்கிறது. பயிற்சியாளரின் வேலை அது, என்னுடையது அல்ல.

## அறிகுறி 3: புள்ளிகள் எல்லாம் டோ பக்கம்

முதல் ஒன்பது குழிகளில் சரியாக இருந்து, கடைசிக் குழிகளில் மட்டும் டோவுக்கு ஓடினால் அது களைப்பு. தண்ணீர் குடியுங்கள், பையைச் சுமக்கும் கேடியிடம் கொடுங்கள். முதல் பந்திலிருந்தே டோ என்றால் பந்துக்கு எட்டி நிற்கிறீர்களா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் கிளப்பை அளந்து பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் வெட்டியிருப்பார். கைமாறி வந்த டிரைவர்களில் 44 அங்குலத்துக்குக் கீழே இருப்பவை உண்டு. அவற்றை நீட்டுவதைப் பற்றி அறிகுறி 5இல் சொல்கிறேன்.

## அறிகுறி 4: எங்கே பட்டாலும் பந்து வலப்பக்கமே வளைகிறது

இப்படி வலப்பக்கம் வளையும் ஸ்லைஸுக்கு நீளமும் ஒரு காரணம்தான், ஆனால் ஒரே காரணம் அல்ல. ரம்பம் ஸ்லைஸுக்கு மருந்து என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

முதல் சோதனைக்கு உங்கள் 3-வுட் (டிரைவரைவிடக் குட்டையான கிளப்) போதும். அது 43 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அதை டீயில் வைத்து அடியுங்கள்.

3-வுடும் வலப்பக்கமே வளைகிறதா? காரணம் உங்கள் பிடியிலோ வீச்சிலோ இருக்கிறது. இடது கையின் கணுக்கள் எத்தனை தெரிகின்றன, பந்து இடது குதிகாலுக்கு வெளியே போய்விட்டதா என்று பாருங்கள். கிளப்பில் கைவைக்காதீர்கள்.

3-வுட் நேராகப் போய், டிரைவர் மட்டும் வளைகிறதா? இதற்கும் இரண்டு கிளைகள் உண்டு. 3-வுடின் லாஃப்ட் (முகத்தின் சாய்வுக் கோணம்) 15 பாகையை ஒட்டியது. லாஃப்ட் கூடினால் பக்கச் சுழற்சியின் விளைவு குறையும். அதனால் நீளமா லாஃப்டா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டிரைவரை இரண்டரை அங்குலம் இறக்கி, 3-வுடின் நீளத்துக்கே பிடித்து அடியுங்கள். கை கிட்டத்தட்ட வெற்று ஷாஃப்டை நெருங்கிவிடும், அசௌகரியம்தான். ஆனாலும் ஐந்தாறு பந்தில் விடை கிடைத்துவிடும்.

- நேராகப் போனால் நீளம். அரை அங்குலமாக மேலே ஏறிக்கொண்டே வாருங்கள். எங்கே மறுபடியும் வளையத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி கீழே உங்கள் நீளம்.
- இன்னும் வளைந்தால் லாஃப்ட். சரிசெய்யும் தலையாக இருந்தால் திருகைக் கழற்றி லாஃப்டைக் கூட்டுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த முறுக்குச் சாவியால் மட்டும், ‘டிக்’ என்று ஓசை வரும்வரை இறுக்குங்கள். ஆலன் சாவியால் பலம் போட்டு இறுக்கித் திருகை மழுக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

லாஃப்டும் நீளமும் சரி, இன்னும் வளைகிறது என்றால் ஷாஃப்டின் விறைப்பைப் பார்க்கலாம். அதுதான் கடைசி, அதுதான் அதிகச் செலவு. பொருத்துநரிடம் போகாமல் ஷாஃப்டு வாங்காதீர்கள்.

## அறிகுறி 5: நேராகப் போகிறது, தூரம் போகவில்லை

இங்கேதான் எல்லோருக்கும் நீளத்தைக் கூட்டும் ஆசை வருகிறது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கியாவா தீவில் தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் 50 வயதில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றபோது கிட்டத்தட்ட 48 அங்குல டிரைவர் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அதற்கு முந்திய நவம்பரில் மாஸ்டர்ஸ் போட்டிக்கு முன்னால் இன்னொரு தொழில்முறை ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ 48 அங்குலத்தைச் சோதித்துவிட்டு, போட்டியில் அதை எடுக்காமலே ஆடியதை அவர்கள் பார்ப்பதில்லை. 2017இல் ரிக்கி ஃபௌலர் 43.5 அங்குல டிரைவரோடு ஆடியதையும் பார்ப்பதில்லை.

வரிசையாகப் பாருங்கள்.

1. எந்தப் பந்தால் அளந்தீர்கள்? பயிற்சி ரேஞ்சின் தேய்ந்த பந்தில் தூரம் குறையத்தான் செய்யும்.
2. புள்ளிகள் முகத்தின் கீழ்ப்பாதியில் இருக்கின்றனவா? தாழ்ந்து பட்டால் சுழற்சி கூடித் தூரம் குறையும். டீயைச் சற்று உயர்த்துங்கள்.
3. பத்தில் எத்தனை நாணயத்துக்குள்? ஏழுக்குக் குறைவு என்றால் நீளத்தைக் கூட்டும் பேச்சே வேண்டாம். அரை அங்குலம் நீட்டுவதால் கிடைக்கும் வேகம் மணிக்கு ஒரு மைல் தேறுவதே அதிகம். ஹீலிலோ டோவிலோ படும் ஒரே அடி அதைவிட அதிகமாகப் பறித்துக்கொள்ளும். நீளத்தைக் குறைத்தபிறகு தூரம் கூடியவர்கள் இருப்பது இதனால்தான்.
4. லாஃப்ட் குறைவா? மெதுவாக வீசுகிறவர் 9 பாகையை வைத்துக்கொண்டு போராடுவது வீண் பெருமை. 10.5 அல்லது 12 பாகையில் பந்து காற்றில் கூடுதல் நேரம் இருக்கும்.

நான்கும் சரி, பத்துக்கு ஏழு எட்டு நடுவில் படுகிறது, கிளப்பும் 44.5க்குக் கீழே என்றால் அரை அங்குலம் நீட்டிப் பார்க்கலாம். கிரிப்பை எடுத்துவிட்டு, ஷாஃப்டின் மேல்முனையில் நீட்டிப்புக் குச்சியை எபாக்ஸி வைத்து ஒட்டுவார்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நீட்டக் கூடாது, அந்த இணைப்பில் உடையும் ஆபத்து உண்டு. நீட்டியதும் தலை கனமாகத் தோன்றும். அரை அங்குலத்துக்கு ஸ்விங் வெயிட் (வீசும்போது கைக்குத் தெரியும் தலையின் கனத்துக்கான அளவு) ஏறக்குறைய மூன்று புள்ளி ஏறும். இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்.

## அறிகுறி 6: வெட்டியபிறகு தலை இருப்பதே தெரியவில்லை

இது வெட்டும் வைத்தியத்தின் பக்கவிளைவு. ஓர் அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் ஆறு புள்ளி அளவுக்கு இறங்கும். அந்த அளவுகோலில் டி3 இருந்தது சி7 ஆகிவிடும். இழந்த கனத்தைத் தலையில் திருப்பி வைக்க வேண்டும். தலையில் இரண்டு கிராமுக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு கிராம், அரை அங்குலத்துக்கு ஆறு.

ஆனால் முழுவதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஈயப் பட்டையில் நான்கு கிராம் வெட்டித் தலையின் அடிப்பாகத்தில் நடுவாக ஒட்டி, ரேஞ்சில் அடித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் இரண்டு. தலையின் பாரம் வீச்சின் உச்சியில் கைக்குத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலோர் பழைய டி3 வரை போவதே இல்லை. நகையெடை தராசு இருந்தால் கிராமை அளக்க அதுவே போதும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் காப்பிக் கோப்பையைத் தொட வேண்டும்.

தலையில் கழற்றக்கூடிய எடைத் திருகு இருந்தால் அதே தயாரிப்பாளரின் கனமான திருகை வாங்கிப் போடுவது இன்னும் சுத்தமான வழி. திருகு இல்லாத தலையில் பத்துப் பன்னிரண்டு கிராம் தேவைப்பட்டால், உள்ளே பசை ஏற்றித் தருகிறவர்களிடம் கொடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வெட்டியபின் பழையதைவிடக் கனமான கிரிப் போட்டிருக்கிறீர்களா? நான்கைந்து கிராம் கூடிய கிரிப்பே ஒரு புள்ளியைக் குறைத்துவிடும். அப்படியானால் ஈயம் வைப்பதற்கு முன் கிரிப்பை மாற்றிப் பாருங்கள்.

## அறிகுறி 7: குனிந்தே நிற்க வேண்டியிருக்கிறது

உயரமானவர்கள் சொல்லும் குறை. உயரத்தை விட்டுவிட்டுக் கையை அளவெடுங்கள். ஆடும் காலணியோடு நிமிர்ந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். ஆறடி ஆளின் கை நீளமாக இருந்தால், ஐந்தடி எட்டங்குல ஆளின் அளவும் அவருடையதும் ஒன்றாக வரலாம். அளவு ஒன்று என்றால் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். முதுகுவலி ஆடாத நாளிலும் இருந்தால் கிளப்பை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி 8: வெட்டிக் கொடுத்த டிரைவரைப் பிள்ளை தூக்கவே முடியாமல் வீசுகிறான்

அப்பாவின் பழைய டிரைவரைப் பத்து வயதுப் பிள்ளைக்காக வெட்டித் தரச் சொல்வார்கள். நான் மறுத்துவிடுவேன். தலை 200 கிராமை ஒட்டி இருக்கும், அதை வெட்டிக் குறைக்க முடியாது. ஷாஃப்டு குட்டையாகக் குட்டையாக விறைப்பும் ஏறும். பிள்ளைகளுக்கென்று செய்த கிளப்பில் தலையே லேசானது. செலவைப் பார்க்காமல் அதை வாங்குங்கள். மனைவிக்குக் கணவரின் டிரைவரை வெட்டிக் கொடுப்பதும் இதே கதைதான்.

## வெட்டுவதென்றே முடிவானால்

மேல்முனையில், அதாவது கிரிப் பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். கீழ்முனையைத் தொட்டால் விறைப்பு மாறிவிடும், தலையில் பொருந்தும் இணைப்பும் போய்விடும்.

கிரிப்பை வளைந்த அலகுக் கத்தியால் உடம்புக்கு எதிர்ப்புறமாகக் கீறி எடுங்கள். பழைய டேப்பைச் சுரண்டிவிட்டு அளவைக் குறியுங்கள். குறியின் மேலேயே மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கோடு போடுங்கள். டேப் இல்லாமல் வெட்டினால் கிராஃபைட் நார்நாராகப் பிரியும். 32 பல் ஹாக்ஸா அலகு போதும். ஒரே பக்கம் அழுத்தாமல் ஷாஃப்டைச் சுழற்றிச் சுழற்றி வெட்டுங்கள். ஸ்டீல் குழாய் வெட்டும் கருவி கிராஃபைட்டை நசுக்கிவிடும். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வைஸில் நேரடியாகக் கவ்வாமல் ரப்பர் வைத்துக் கவ்வுங்கள்.

ஒரே தடவையில் ஓர் அங்குலம் வெட்டாமல், முதலில் அரை அங்குலம் வெட்டிக் கிரிப் போட்டு ஆடிப்பாருங்கள். கிரிப் ஒன்று வீணாகும், ஷாஃப்டோடு ஒப்பிட்டால் அது சில்லறை. வெட்டிய விளிம்பில் விரிசல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கிளப் என்றால் ரம்பம் வைக்குமுன் விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.

## போட்டிக்கு முன் யாரோ நீளத்தைப் பற்றிப் பயமுறுத்தினால்

பொது விதியில் புட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) தவிர்த்த கிளப்புகளுக்கு உச்ச நீளம் 48 அங்குலம். 2022 ஜனவரி முதல், போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால் 46 அங்குலம் என்ற உள்ளூர் விதியைக் கொண்டுவரலாம். பி.ஜி.ஏ. டூர் அப்போதிலிருந்தே அதைக் கடைப்பிடிக்கிறது. தொழில்முறைப் போட்டிகளையும் உயர்மட்ட அமெச்சூர் போட்டிகளையும் மனத்தில் வைத்துச் செய்த விதி அது. ஞாயிற்றுக்கிழமை மன்ற ஆட்டத்துக்கு வருவது அரிது. அந்தப் போட்டியின் உள்ளூர் விதித்தாளில் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போதும் உங்கள் டிரைவர் 46.25 காட்டினால் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அளவை நடுவரிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டு, மேல்முனையில் கால் அங்குலம் வெட்டிக் கிரிப் மாற்றுங்கள், ஒரு மணி நேர வேலை.